புது வண்டியின் இருதயம்

வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியைக் காட்டிலும், வரப்போகும் விருந்தாளியைப் பற்றிப் பேசுவதிலேயே மனிதர்களுக்கு இன்பம் அதிகம். அவர் எப்படி இருப்பார், என்ன கொண்டு வருவார், எத்தனை நாள் தங்குவார் என்று ஊகம் செய்துகொண்டே பொழுதைப் போக்கலாம். வந்து சேர்ந்த பிறகோ, அவருக்குக் காப்பி கலந்து கொடுக்கும் வேலைதான் மிச்சம்.

மோட்டார் வண்டி விஷயமும் இப்படித்தான். புதிதாக ஒரு வண்டி வரப்போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும், சாதாரண ஜனங்கள் அதன் விலை என்ன, வர்ணம் என்ன என்று விசாரிப்பார்கள். மோட்டார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் கேட்கும் கேள்வி வேறு. "எஞ்சின் என்ன?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் அநேகர் அந்த வண்டியை வாங்கப் போவதே இல்லை. வாங்கும் சக்தி உள்ளவர்களோ, எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவதில்லை! இது உலக இயல்பு.

ஆரணியை அடுத்த எங்கள் முள்ளிப்பட்டில் 1985-ஆம் வருஷம் இந்தப் பைத்தியம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அக்காலத்தில் தறிச் சத்தம் கேட்காத வீடு எங்கள் தெருவில் அபூர்வம். மோட்டார் வண்டியோ அதைவிட அபூர்வம். பட்டு வியாபாரி ஒருவருடைய அம்பாஸிடர் வண்டி தெருமுனையில் திரும்பியதும் பிள்ளைகள் பாடப் புஸ்தகத்தை மூடிவிட்டு ஓடுவோம். வியாபாரி உள்ளே புடைவைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய டிரைவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோட்டார் புராணம் வாசிப்பார். கேட்பதற்கு ஆரணியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த மேஸ்திரியும், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும் வந்து சேருவார்கள். நாங்கள் சிறுவர்கள் திண்ணைக்குக் கீழே நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

அந்த வருஷத்துப் புராணத்தின் கதாநாயகன் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் வண்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்க் கம்பெனியின் பெயரைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்க முடியாது. வான்கார்டு என்றும் ஹெரால்டு என்றும் கெஸல் என்றும் அவர்கள் செய்த கார்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் வெகு காலம் ஓடின. 1977-க்குப் பிறகு கார் செய்வதை நிறுத்திவிட்டு வேன் முதலிய சிறு வாகனங்களோடு நின்றிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் மறுபடியும் கார் செய்யப் போகிறார்கள். அதுவும் இங்கிலாந்தின் ரோவர் வண்டியையே இங்கே கட்டப் போகிறார்கள் என்று செய்தி பரவியது.

அந்த ரோவர் லேசுப்பட்ட வண்டியல்ல. 1976-ல் வெளிவந்து, அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. இத்தாலி தேசத்துப் பெராரி டேட்டோனாவின் சாயலில் நீண்டு தாழ்ந்த முகம். இங்கிலாந்தின் பெருஞ்சாலைகளில் குற்றவாளிகளைத் துரத்தும் போலீஸார் விரும்பி ஓட்டிய வண்டி. அதன் மூடிக்குள்ளே எட்டுச் சிலிண்டர்கள் நான்கு நான்காக 'வி' எழுத்தைப் போல் சாய்ந்து நின்றன. 3528 கன சென்டிமீட்டர் கொள்ளளவு; 155 குதிரைச் சக்தி. 1982-ல் வந்த 'விடெஸ்' என்ற வேக வண்டியிலோ 190 குதிரைச் சக்தி! அம்பாஸிடரிலும் பியட்டிலும் போய்ப் பழகிய நம்மவர்களுக்கு இந்த எண்களைக் கேட்கும்போதே தலை சுற்றியதில் ஆச்சரியம் என்ன?

திண்ணையில் மூன்று கட்சிகள் உண்டாயின. டிரைவர் எட்டுச் சிலிண்டர் கட்சி. "ரோவர் என்றாலே அந்த எஞ்சின்தான். அதை எடுத்துவிட்டால் வண்டியில் என்ன இருக்கிறது?" என்று அடித்துப் பேசினார். கணக்கு வாத்தியார் பெயரைப் பிடித்துக்கொண்டார். "2000 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகையால் எஞ்சின் இரண்டு லிட்டர்தான். ரோவரிலேயே 1982 முதல் நான்கு சிலிண்டர் கொண்ட இரண்டு லிட்டர் எஞ்சின் இருக்கிறதே! அதுதான் வரும்" என்று பலகையில் கணக்குப் போட்டது போல நிரூபித்துவிட்டார்.

மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டே இரண்டு பேரையும் பார்த்தார். "அதெல்லாம் சரி, வாத்தியாரே. சீமை எஞ்சினை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அந்நியச் செலாவணி வேண்டும். சர்க்கார் அனுமதி வேண்டும். எவ்வளவு பாகம் இங்கேயே செய்தது என்றும் கேட்பார்கள். இவர்கள் கையில் இருப்பது வேனுக்குப் போடுகிற பழைய எஞ்சின் ஒன்றுதான். அதைத் துடைத்துப் போடுவார்கள், பாருங்கள்" என்றார். மற்ற இருவரும் அவரை மங்கள காரியத்தில் தும்மியவரைப் போலப் பார்த்தார்கள்.

உள்ளே குழித்தறியில் உட்கார்ந்திருந்த என் தாத்தா இந்த விவாதம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் வண்டியின் சக்கரம் எத்தனை என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் நாடாவை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "மேலே போர்த்துகிற உடல் சீமையிலிருந்து வருகிறது, சரி. பாவு யார் வீட்டுப் பாவு?"

நெசவு அறியாத நேயர்களுக்குச் சிறிது விளக்கம் வேண்டியிருக்கும். புடைவை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சரிகைக் கரையையும் முந்தானையையும்தான். ஆனால் புடைவை பத்து வருஷம் உழைக்குமா, இரண்டு வருஷத்தில் கிழியுமா என்பதைத் தீர்மானிப்பது தறியில் நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே போகும் ஊடையுந்தான். "கரையும் முந்தானையும் கண்ணுக்கு, பாவும் ஊடையும் உடம்புக்கு" என்பார் தாத்தா. வெளியாரிடம் பாவு வாங்கி நெய்தால், இழை அறும்போது பிணைப்பதற்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

டிரைவர் விடவில்லை. "உங்கள் பட்டு நூலே கர்நாடகத்திலிருந்துதானே வருகிறது, பெரியவரே?" என்று மடக்கினார்.

"நூல் எங்கிருந்தும் வரட்டும். முறுக்கேற்றுவதும் சாயம் போடுவதும் பாவு ஓட்டுவதும் நமக்குத் தெரியுமல்லவா? தெரிந்திருந்தால் அது நம் பாவு" என்றார் தாத்தா. நாடா மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அந்த வருஷமே வண்டி வெளிவந்தது. மூடியைத் திறந்து பார்த்தவர்கள் மேஸ்திரியின் தீர்க்கதரிசனத்தை மெச்ச வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தது எட்டுச் சிலிண்டருமல்ல. ரோவரின் இரண்டு லிட்டருமல்ல. ஸ்டாண்டர்டு வான்கார்டின் வம்சத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். 1991 கன சென்டிமீட்டர். சுமார் 83 குதிரைச் சக்தி. அதாவது, ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டிக்கு, அதன் சீமை அண்ணனுக்கு இருந்த பலத்தில் ஏறக்குறையப் பாதி. வான்கார்டு இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட வருஷம் 1947. நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம்! 1976-ல் பிறந்த உடலுக்குள் அதைவிட மூத்த இருதயத்தை வைத்துத் தைத்திருந்தார்கள்.

பத்திரிகைகளிலும் சாலைகளிலும் ஏளனம் செய்தவர்கள் பலர். ஆனால் அந்தக் கிழ எஞ்சினின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் ஏளனம் சிறிது குறையும். பெர்குஸன் டிராக்டரில் வயலை உழுதது அந்த வம்சந்தான். இதே 1991 கன சென்டிமீட்டர் அளவில், டிரயம்ப் டி.ஆர்.2 என்ற பந்தய வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, 1953-ல் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில் மணிக்கு 124 மைல் வேகத்தைக் காட்டியதும் அந்த வம்சந்தான். சிலிண்டருக்குள் இருக்கும் குழல்களைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆகவே தேய்ந்த எஞ்சினைப் புதுப்பிப்பது சுலபம். ஏர் உழவும் தெரிந்து பந்தயத்திலும் ஓடத் தெரிந்த எஞ்சினை யாரும் நோஞ்சான் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் குற்றம் எங்கே? சுதேசி எஞ்சினைப் போட்டது குற்றமல்ல. சுமார் நாற்பது வருஷத்துக்கு முந்தைய எஞ்சினைத் தவிர வேறு சுதேசி எஞ்சின் கையில் இல்லாமற் போனதுதான் குற்றம். இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. 1984-ல் கல்கத்தாவிலிருந்து வந்த கண்டெஸா என்ற பெரிய காரிலும் முதலில் அம்பாஸிடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினே இருந்தது. பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் 118 என்.இ. வண்டிக்கு ஜப்பானின் நிஸான் எஞ்சினைத் தேடிப் போனார்கள். ஒன்று, தாத்தா காலத்து எஞ்சின். இல்லாவிட்டால், அடுத்த வீட்டு எஞ்சின். இத்தனை வண்டிதான் செய்யலாம், இன்னதுதான் செய்யலாம் என்று சர்க்கார் லைசென்ஸ் அளந்து கொடுத்த காலம் அது. ஜனங்களோ வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எதைச் செய்தாலும் விற்றுப்போகும் சந்தையில் புது எஞ்சினுக்காக யார் மெனக்கெடுவார்கள்?

இந்தப் புது வண்டி எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. என் பெரியப்பாவின் மகனுக்கு அப்போது பதினாறு வயது. தறியில் உட்காரும் முறை வந்துவிட்டது. அவனோ மேஸ்திரியின் பட்டறையிலேயே பழியாகக் கிடந்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மோட்டார் வேலை படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஒரு தறி சும்மா நின்றால் அந்த வீட்டின் வருமானத்தில் ஒரு பங்கு நின்றுபோகும். பெரியப்பா சம்மதிக்கவில்லை. எஞ்சின் சமாசாரம் தெரிந்த அன்று அவர், "பார்த்தாயா? புதுசு புதுசு என்று குதித்தாய். உள்ளே இருப்பது பழசுதான். இதற்காகவா தறியை விடுகிறாய்?" என்று கேட்டார்.

அண்ணன் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "பழசாக இருப்பதனால்தான் போக வேண்டும் என்கிறேன், அப்பா. புதுசைச் செய்ய இங்கே ஆள் இல்லையாமே!"

பெரியப்பா தாத்தாவின் முகத்தைப் பார்த்தார். தாத்தா வெகுநேரம் யோசித்தார். "பாவு ஓட்டக் கற்றுக்கொள்ளத்தானே போகிறான்? போகட்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அந்தத் தீர்ப்பின் கிரயத்தையும் அவரே கொடுத்தார். நின்றுபோன தறிக்கு ஈடாக, எழுபது வயதில் விளக்கு வெளிச்சத்தில் கூடுதலாக நெய்தார். அண்ணன் படித்து, சென்னைக்கு அருகில் ஒரு வார்ப்படச் சாலையில் வேலைக்கு அமர்ந்தார். எஞ்சின் வார்ப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கண்டுபிடிப்பதிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் செலவிட்டார். அவர் கை பட்ட வார்ப்புகள் எந்த எந்த வண்டிகளில் ஓடுகின்றன என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

அவரைப் போன்றவர்கள் பதினாயிரக்கணக்கில் தேசமெங்கும் வேலை கற்ற பிறகே நிலைமை மாறியது. ரோவர் அந்த வண்டியை இங்கிலாந்தில் 1986-ல் நிறுத்திவிட்டது. ஸ்டாண்டர்டு 2000-மும் 1980-கள் முடிவதற்குள் நின்றுபோயிற்று. 1998-ல் டாட்டா கம்பெனி இண்டிகாவை வெளியிட்டபோது விஷயம் தலைகீழாயிற்று. உடலின் உருவத்தைத் தீட்டியவர்கள் இத்தாலிக்காரர்கள். டீசல் எஞ்சினை உருவாக்கியவர்கள், வெளிநாட்டு நிபுணர்களின் யோசனையையும் கேட்டுக்கொண்டு, நம்மவர்கள். வண்டலூரைத் தாண்டி அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், செங்கல்பட்டுக்கு அருகில் மஹிந்திரா கம்பெனி 2012-ல் திறந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பொறியாளர்கள் புது வண்டிகளுக்குத் திட்டம் போடுகிறார்கள்.

இன்றைய பிள்ளைகள் கைபேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, போர்வை போர்த்திச் சோதனைக்கு ஓடும் வண்டிக்குள் என்ன இருக்கும் என்று வாதாடுகிறார்கள். டர்போவா, மின்சார மோட்டாரா, எத்தனை கிலோவாட் என்றெல்லாம் கேட்கிறார்கள். "வாங்கவா போகிறாய்?" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். மின்சார வண்டி வந்தாலும் அந்தப் பழைய கேள்வி அப்படியேதான் இருக்கிறது. சிலிண்டர் இருந்த இடத்தில் இப்போது பாட்டரி உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் செல்களில் பெரும் பகுதியை இன்னமும் வெளிதேசத்திலிருந்தே தருவித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: எஞ்சினைப் பற்றி ஊகம் செய்யும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எத்தனை குதிரைச் சக்தி என்று அவன் கேட்டு முடித்ததும், யார் வார்த்தது, எங்கே வார்த்தது, பழுதானால் யார் பிணைப்பது என்று நீங்கள் கேளுங்கள். பதில் தெரியாமல் அவன் விழித்தால் மிகவும் நல்லது. அதைத் தேடிக்கொண்டு அவன் ஒரு பட்டறைக்குப் புறப்பட்டுப் போகக்கூடும். அப்போது வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள்.