நான்கெல்லை

வண்டலூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் மலையைச் சொல்வார்கள், அடுத்துக் காட்டை, கடைசியில்தான் ரயிலை. அங்கே குடியிருப்பவர்களின் நாள் நேர் எதிர் வரிசையில் நடக்கிறது. காலையில் ரயில். ஊரிலிருந்து யாராவது வந்தால் மிருகக்காட்சிசாலை, அந்தச் சாக்கில் காடு. மலை, ஜன்னலோரத்தில் இடம் கிடைத்த அன்று மட்டும். விளம்பரப் பலகையின் வரிசைக்கும் வாழ்க்கையின் வரிசைக்கும் உள்ள இந்த முரண்பாட்டில்தான் ஒரு புறநகரின் சுபாவம் அகப்படும் என்று நினைக்கிறேன்.

நான் கொடுங்கையூர்க்காரன், வங்கியில் குமாஸ்தா. வீட்டுக் கடனுக்கு வரும் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்குக் கிரயப் பத்திரம் ஒன்றும் இளப்பமான வாசிப்பு அல்ல. உவமை கிடையாது, உருக்கம் கிடையாது. ஒரு துண்டு நிலம் எங்கே இருக்கிறது என்பதை அதன் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லியே ஸ்தாபித்துவிடும். வடக்கே இன்னார் மனை, கிழக்கே இருபதடிச் சாலை என்று போகிற நான்கெல்லையில், வண்டலூர்ப் பக்கத்துப் பத்திரங்களில் எப்போதாவது ‘காப்புக்காடு’ என்ற சொல் வரும். பேனா அங்கே ஒரு கணம் நின்றுவிடும். கொடுங்கையூர்ப் பத்திரங்களையும் நிறையப் படித்திருக்கிறேன். முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைமேடு நான் பார்த்த எந்தப் பத்திரத்திலும் எல்லையாக வந்ததில்லை.

வண்டலூரில் வீடு வாங்கிவிடலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் சில மாதங்களாக நடக்கிறது. ஆகவே இது உல்லாசப் பிரயாணிகளுக்கான வர்ணனை அல்ல. போவதா இருப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவனின் கணக்கு.

கொடுங்கையூரிலிருந்து சென்ட்ரல் வரை பஸ், எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோதே சென்னையின் மத்தியதர வர்க்கம் தெற்கு நோக்கி நகர ஆரம்பித்துவிட்டது. பூங்கா நிலையத்தின் பெயரிலுள்ள பூங்கா இன்று இல்லை. அது பீப்பிள்ஸ் பார்க். 1855இல் எட்வர்ட் பல்ஃபர் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை 1860களில் அங்கே போய், நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் மூர் மார்க்கெட். 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருஷம் ஜூலையில் வண்டலூரில் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய புத்தகங்கள் சாம்பலாயின, மிருகங்கள் தப்பி மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தன. இரண்டும் நான் பிறப்பதற்கு முன் நடந்தவை. ஆனாலும் அந்த ரயிலில் ஏறும்போதெல்லாம், சிங்கமும் கரடியும் போன திசையில்தான் குமாஸ்தாக்களும் போகிறோம் என்று தோன்றாமல் இருப்பதில்லை. நெரிசல் தாங்காமல் தெற்கே போனவர்கள்தாம் எல்லோரும்.

இந்தப் பாதையில் மலைகளுக்குக் குறைவில்லை. பரங்கிமலையில் தேவாலயமும் ராணுவமும் ஏறிக்கொண்டன. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளை ஜல்லிக்காக வெட்டினார்கள். வெட்டிய குழிகள் சிலவற்றில் இப்போது ஏரி போலத் தண்ணீர் நிற்கிறது. இந்தக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னோக்கின் கல்லறையில் சென்னைப் பக்கத்துக் கல் போட்டிருப்பதைக் கண்டு, 1893இல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். கல் இங்கே, பெயர் அங்கே. சென்னை தன் குன்றுகளை என்ன மரியாதையில் வைத்திருந்தது என்பதற்கு இது போதும்.

அப்படியிருக்க வண்டலூர் மலை மட்டும் எப்படித் தப்பியது? யாரும் அதன் அழகில் மயங்கியதால் அல்ல. காப்புக்காடு என்று சட்டம் ஒரு கோடு போட்டது. பிறகு உயிரியல் பூங்கா என்று 600 ஹெக்டேர் அளவில் ஒரு சுவர் வந்தது. ரசனை காப்பாற்றாததைச் சுவர் காப்பாற்றியது. இயற்கையைப் பாடினால் இயற்கை பிழைக்கும் என்று நம்பும் நம் கவிஞர்கள் இந்த உண்மையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். சுவரும் முழு உத்தரவாதம் அல்ல என்பது வேறு விஷயம். 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா புயல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயிற்று.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். மலை எப்படி சார் இருக்கிறது என்று கேட்டேன். ‘எட்டரைக்குப் போய்ச் சேர்றேன். எந்தப் பக்கம் இருட்டு ஜாஸ்தியா இருக்கோ அந்தப் பக்கம் மலை’ என்றார். ஆனால் அவருடைய அம்மாவுக்கு மலையைத் தெரியும். மொட்டைமாடியில் வற்றல் காயப் போட்டால் குரங்குகள் வந்துவிடுகின்றன. எழுபது வயதில் கையில் ஒரு கம்போடு நிழலில் உட்கார்ந்து அந்த அம்மாள் பகல் முழுதும் காவல் காக்கிறாள். எந்த மாதம் குரங்குக்குட்டிகள் அதிகம், எப்போது மயில் கீழே இறங்கி வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குறிஞ்சியில் தினைப்புனம் காத்தவள் இன்று வற்றல் காக்கிறாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கைக்குள் விஷயம் இருக்கிறது. திணை என்பது காட்சி அல்ல. நிலம் ஒருவர் கையில் என்ன வேலையைக் கொடுக்கிறது என்பதுதான் திணை. மகனுக்கு அந்த மலை முகவரி, தாய்க்கு அது தொழில்.

இந்த அளவுகோலை எங்கள் ஊரிலும் வைத்துப் பார்த்தேன். கொடுங்கையூரில் மலை கிடையாது. ஊர் தானே ஒன்றை உண்டாக்கிற்று. வட சென்னையும் அண்ணா நகரும் நாற்பது வருஷமாகக் கழித்துக் கட்டியதன் உயரம் அது. அதற்குப் பருந்தும் கொக்கும் உண்டு, மாடும் நாயும் உண்டு, அதன்மேல் ஏறிப் பொறுக்கி ஜீவிக்கும் ஜனங்கள் உண்டு. கருப்பொருள் என்று இலக்கணம் கேட்கிற அத்தனையும் வண்டலூரைவிட இங்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் இதை ஓர் அழகியல் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுவது ஈனம். பொறுக்குகிறவன் அந்தத் திணையைத் தேர்ந்தெடுத்தவன் அல்ல. 2024இல் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை தொடங்கியது. மொத்தம் 66 லட்சம் டன் என்று கணக்குச் சொன்னார்கள். மலையைக் கரைத்தபின் வெறும் நிலம் கிடைக்கும். வண்டலூருக்கு ஒரு கோடு போட்டதுபோல் அதற்கும் யாராவது போட்டால்தான் உண்டு. ரசிகர்கள் அங்கே ஒருநாளும் வரப்போவதில்லை.

இந்த இரண்டு மலைகளையும் இப்போது ஒரே சாலை ஏறக்குறைய இணைக்கிறது. 2021இல் முழுதாகத் திறக்கப்பட்ட வெளிவட்டச் சாலை வண்டலூரில் புறப்பட்டு அறுபது கிலோமீட்டருக்கு மேல் நகரைச் சுற்றிவந்து எங்கள் வடக்கே மீஞ்சூரில் முடிகிறது. வண்டலூர்க் காட்டுக்குள் ஓட்டேரி என்று ஓர் ஏரிகூட இருக்கிறது. அங்கே பறவைகள் வரும். எங்களுக்கு ஓட்டேரி என்றால் நல்லா. அதன் தண்ணீரின் நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரு ராத்திரி என் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். முழுதும் கேட்டாள். ‘எனக்கு மலையும் வேணாம் காடும் வேணாங்க. ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கணும், அவ்ளோதான்’ என்றாள்.

திணைக் கொள்கைக்கு இதைவிட நேரான உரை நான் படித்ததில்லை. பகலெல்லாம் நான் வேறு பேட்டையில் குளிர்சாதன அறையில் பத்திரம் படிக்கிறேன். காற்று திரும்பும் நேரம் தெரிந்து ஜன்னல் சாத்துகிறவள், புகை வந்த நாளில் கொடியிலிருந்து துணியை அவசரமாக எடுக்கிறவள் அவள். குப்பைமேட்டின் நிலமும் பொழுதும் அவளுக்குத்தான் தெரியும். ஆகவே தீர்ப்புச் சொல்லும் பாத்தியதையும் அவளுடையது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றுதான் மிச்சம். அப்பா கட்டிய இந்த வீட்டை விற்றால்தான் முன்பணம் தேறும். வாங்க வருகிறவரும் எங்களைப் போல மாதச் சம்பளக்காரராகத்தான் இருப்பார். அவர் வீட்டிலும் யாரோ ஒருத்தி காற்றுப் பார்த்து ஜன்னல் சாத்தக் கற்றுக்கொள்வாள். அவருடைய பத்திரம் கடனுக்காக எங்கள் கிளைக்கே, என் மேஜைக்கே வந்தாலும் ஆச்சரியமில்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். நான்கெல்லை ஓர் அடி பிசகாமல் சரியாக இருக்கும்; குப்பைமேடு அதில் இருக்காது.