எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, புத்தகமும் சீருடையும் கொடுத்து முடித்த பிறகு வகுப்பாசிரியர் தலையில் வந்து விழும் வேலை, உதவித்தொகை. 9, 10ஆம் வகுப்புகளில் படிக்கும் பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ப்ரீமெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் வாங்கி ஆன்லைனில் ஏற்ற வேண்டும். "முடிச்சாச்சா?" என்று மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த அவசரத்தில்தான் வகுப்பறைகளில் இப்படிக் குரல் எழுகிறது: "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க."

சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். பிள்ளைக்குப் பணம் வந்து சேர வேண்டுமே என்ற அக்கறைகூட இருக்கலாம். ஆனால் காலையில் கபடி ஆடும்போது எல்லோருக்கும் கூட்டாளியாக இருந்தவனை, முதல் பீரியடில் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பதினான்கு வயதுப் பையன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்? சிலர் எழுவதே இல்லை. "எனக்கு வேண்டாம் மிஸ்" என்று சொல்லிவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அந்தப் பணத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று தெரிந்தே சொல்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்ய வேறு வழி உண்டு. யாருக்கு உதவித்தொகை என்பது கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் கேட்கவே தேவையில்லை. நான் பட்டியலை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வேன். பிறகு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவேன். ஒருத்திக்கு ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருக்கும், ஒருவனுக்குப் பஸ் பாஸ் வந்திருக்காது, இன்னொருவனுக்கு வீட்டில் சண்டை. அந்தப் பேச்சோடு பேச்சாக உதவித்தொகையும் முடிந்துவிடும். எல்லோரும் போய் வருவதால் யார் எதற்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. சான்று குறைந்தால் மாலையில் பெற்றோருக்கு நானே போன் செய்வேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப மாட்டேன். படிவக் கட்டை லீடர் கையில் கொடுத்து விநியோகிப்பதும் கிடையாது. வேலை கூடத்தான். கூடட்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயமென்றால் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரு நீதிபதி இவ்வளவு சின்ன நடைமுறை வரை இறங்கி எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். வெட்டரிவாளுக்கு வெகு முன்னால், வகுப்பறையில்தான் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கப் பழகுகிறார்கள்.

விடைத்தாள் கொடுப்பதும் அப்படித்தான். மதிப்பெண் வரிசையில் கூப்பிட்டால், கடைசியில் வருகிறவன் பீரியட் முழுக்கத் தலை குனிந்தே காத்திருப்பான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. நான் தாளை மடித்து, அவரவர் இடத்துக்கே போய்க் கொடுக்கிறேன்.

மரியாதை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. பள்ளிக்கூடம் பெரியவர்கள் சிலருக்கு வேலை செய்யும் இடமும்கூட. கழிப்பறை கழுவும் அக்காவை ஆசிரியர் "ஏய்" என்று கூப்பிட்டால், அடுத்த வாரமே ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடும். நீதிபோதனை வகுப்பு எத்தனை நடத்தினாலும், பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கற்பதற்கு ஈடாகாது.

எங்களிடம் படித்த பெண்கள் பலர் ஜவுளிக்கடைகளில் வேலை செய்கிறார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய கதைகளைச் சொல்வார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டபோது அவர்களை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கூடவே, எங்கள் பள்ளித் தூய்மைப் பணியாளர் மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்ற கேள்வியும் வந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தில், தரையில். மறுநாளே ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஒரு நாற்காலியும், பை வைக்க அலமாரியில் ஒரு தட்டும் ஒதுக்கினோம்.

தலைமையாசிரியர்களே, உங்கள் பள்ளியிலும் தூய்மைப் பணியாளர் எங்கே உட்காருகிறார் என்று ஒருமுறை பாருங்கள். ஒரு நாற்காலி போட அரசாணை வேண்டியதில்லை.