தோற்ற வாதத்தை எழுதுவது

வழக்கறிஞர் தொழிலில் நான் மிகுந்த கவனத்தோடு படிப்பது, பெரும்பான்மைத் தீர்ப்போடு சேர்ந்து அச்சாகும் மாறுபட்ட தீர்ப்புகளைத்தான். உடன் அமர்ந்த நீதிபதிகளே ஏற்காத கருத்தை, அவர்கள் ஏற்கவில்லை என்று தெரிந்துகொண்டே ஒருவர் எழுதியவை அவை. காலம் கடந்து நிற்பவற்றில் ஒரு பழக்கம் தென்படுகிறது: எதிர்த்தரப்பு சொன்னதை, அந்தத் தரப்பே குறை காண முடியாதபடி நேர்மையாக எடுத்துச் சொல்லிவிடுவது. இதை வெறும் மரியாதை என்பவர்கள் உண்டு. வாதத்தின் வலுவே அங்கிருந்துதான் பிறக்கிறது என்பேன்.

1976 ஏப்ரல் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத்தின் ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பைப் பாருங்கள். நெருக்கடி நிலையின்போது மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்பது கேள்வி. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவை நிலைநாட்டக் கோரும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்திவைத்திருப்பதால் முடியாது என்றனர் நீதிபதிகளில் நால்வர். எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அவர் அந்த ஆணையைச் செல்லாது என்று ஒதுக்கவில்லை. 21ஆம் பிரிவின் துணையை இப்போது நாட முடியாது என்பதை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பிறகே தன் கேள்விக்கு வந்தார்: உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அந்த ஒரு பிரிவுதான் காப்பா? அது எழுதப்படாமலே இருந்திருந்தாலும், சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரை அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் ஏது? ஆணை செல்லும் என்று எத்தனை முறை நிறுவினாலும் இந்த வாதம் விழாது.

மனிதர்கள் சிறையில் வாடும்போது இந்த நிதானம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்னாவின் பக்கங்கள் அன்று ஒருவரையும் விடுவிக்கவில்லை. அதை மறைத்து அவற்றைப் புகழக் கூடாது. ஆனால் சீற்றமும் விடுவித்திருக்காது. காரணம் காட்டி எழுதியதை இன்னொரு அமர்வு எடுத்தாள முடியும். வசையை என்ன செய்ய முடியும்? 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தவறென்று நீக்கியபோது, கன்னாவின் வழியை ஏற்றது. அந்த ஒன்பதின்மரில் நால்வர் சார்பில் அதை எழுதியவர், 1976இல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். நயமாக எழுதியதால் கன்னாவுக்கு விலை குறைந்துவிடவும் இல்லை: 1977 ஜனவரியில் பணியில் அவரைவிட இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார்.

பின்னாளில் ஏற்கப்பட்டதை மட்டுமே அளவுகோலாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான மாறுபட்ட தீர்ப்புகள் ஏற்கப்படாமலே கிடக்கின்றன. எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொல்லும் பழக்கம் வழக்கறிஞர்களான எங்களுக்கும் தேவை. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141ஆம் பிரிவு. எனவே, எங்கள் வாதத்துக்கு எதிரான தீர்ப்பு இருந்தால் அதை நாங்களே நீதிபதி முன் வைக்க வேண்டும். அது தவறென்று வாதிடலாம், இல்லாதது போல் காட்டக் கூடாது. கட்சிக்காரருக்கு இது கசக்கும். ஆயினும் மறைத்து வென்ற வாதத்தை எதிர்த்தரப்பு ஒரே மேற்கோளில் கவிழ்த்துவிடும்.

மாறுபட்டு எழுதியவர் தன் கருத்து ஏற்கப்படுவதைக் காணாமலே போகலாம். 1950 மே மாதம் ஏ.கே. கோபாலனின் தடுப்புக் காவல் வழக்கில், அடிப்படை உரிமைப் பிரிவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்று நீதிபதி பசல் அலி மாறுபட்டு எழுதினார். அதே மாதம் ரொமேஷ் தாப்பர் வழக்கிலும் மாறுபட்டார், பத்திரிகை மீதான தடைக்கு ஆதரவாக. அதில் நான் அவர் பக்கம் இல்லை. பிறகு மாநில மறுசீரமைப்பு ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். 1959இல் இறந்தார். கோபாலன் வழக்கில் அவர் எழுதியதை உச்ச நீதிமன்றம் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் ஏற்றபோது ஆண்டு 1970.