சேம அச்சும் சிறு கைப்பிடியும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் 102-ஆம் பாடலாக உள்ளது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டி அப்பாடலில் வருகின்றது. பூட்டப்பெற்ற எருதுகள் இளையவை. நுகத்தின் பாரம் இன்னதென்று இன்னும் அறியாதவை. ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யார் அறிவார்? ஆதலின் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினியைப் புலவர் ஒப்பிடுவது அந்தச் சேம அச்சுக்குத்தான்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஸ்டெப்னிங்க ஐயா" என்று எழும். பொருளிற் பிழையில்லை. வேல்சு நாட்டு லனெலி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. அத்தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் உடன்பிறப்பாளர் இருவர் 1904-ஆம் ஆண்டளவில் மகிழுந்துகளுக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி, கடல் கடந்து நம் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. சேம அச்சு என்னும் சொல்லைக் கையில் வைத்திருந்த நாம் அயலூர்த் தெருப்பெயரை ஏற்றுக்கொண்டோமே என்பது தமிழாசிரியனின் முணுமுணுப்பு. அது நிற்க. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால் மாற்றுச் சக்கரமே இல்லாமல் மகிழுந்தை விற்கலாம் என 2020-ஆம் ஆண்டு விதித் திருத்தம் இடமளித்துவிட்டது. உமணர் கேட்டால் என்ன சொல்வாரோ!

சேம அச்சு இல்லாமலும் வண்டி ஓடும். அது வண்டியை இழுப்பதில்லை, விரைவைக் கூட்டுவதில்லை. ஆயினும் அது அடியில் இருக்கின்றது என்னும் நினைவே உமணனை அச்சமின்றி மேடேற வைக்கின்றது. இன்றைய மகிழுந்திலும் இத்தகைய சிறு பொருள்கள் பல உள்ளன. விளம்பரங்கள் எந்திரத்தின் ஆற்றலையும் விரைவையும் பேசுகின்றன. நாள்தோறும் வீட்டிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து மருத்துவமனைக்கும், வெள்ளி விடுமுறையில் உறவினர் இல்லத்திற்கும் வண்டியோட்டும் நம்மனோர்க்கு அந்த விரைவு எங்கே பயன்படுகின்றது? உக்கடத்து நெரிசலில் இரண்டாம் கியரைத் தாண்டுவதே அரிது. நமக்கு இன்பமோ துன்பமோ தருவன கைக்கெட்டும் சிறு பொருள்களே.

நாம் வாங்கியது பழைய வண்டி, சிறு வண்டி, அவ்வகையிலும் மிகக் குறைந்த விலைக்குரிய அடிநிலை வகை. அம்மாவுக்காகவே வாங்கினோம். எழுபதைக் கடந்த அவருக்கு இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. பேருந்துப் படி ஏற இயலாது. ஆட்டோவின் குலுக்கல் ஆகாது. பொள்ளாச்சியில் இருக்கும் சின்னம்மாவைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வண்டி வந்த அன்று, பின்கதவைத் திறந்து அம்மாவை அமரச் செய்தோம். இறங்கும்போதுதான் இடர் தெரிந்தது. இருக்கை தாழ்வானது. எழுவதற்கு ஊன்றவோ பற்றவோ ஒன்றுமில்லை. கதவைப் பற்றினால் கதவு ஆடுகின்றது. முன்னிருக்கையைப் பற்றினால் தோள் வலிக்கின்றது. இருவர் இரு கைகளையும் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. பிறர் தூக்க எழுவதை அம்மா விரும்புபவர் அல்லர். "பொள்ளாச்சிக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டார். அந்த 'அப்புறம்' நான்கு மாதங்கள் நீண்டது.

கதவுக்கு மேலே, கூரையின் விளிம்பில், பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி உயர்நிலை வகைகளில் உண்டு. அதனைப் பழைய உதிரிபாகக் கடையொன்றில் தேடிப் பெற்றுப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். கூரையில் துளையிட்டால் மழைநீர் ஒழுகுமோ என்னும் கவலை நமக்கு. பட்டறைக்காரத் தம்பி கூரை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, நகக்கண்ணால் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தார். "ஓட்டை போட வேண்டியதே இல்லீங்க சார். கம்பெனிக்காரங்களே போட்டு வெச்சிருக்காங்க. மூடிதான் அடிச்சிருக்காங்க" என்றார். மறையாணி ஏறுவதற்குரிய துளைகள் இரண்டும் உள்ளே ஆயத்தமாக இருந்தன. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அடுத்த ஞாயிறன்று அம்மா கைப்பிடியைப் பற்றித் தாமே எழுந்து சின்னம்மா வீட்டு வாயிலில் இறங்கினார்.

அந்தச் சிறு மூடியை நாம் வெகுநாள் சட்டைப் பையில் வைத்திருந்தோம். துளையிட்டவர்கள் கைப்பிடியை மாட்டவில்லை. மாறாக, துளையை மூடுவதற்கென ஒரு பொருளைச் செய்து மாட்டியிருக்கின்றனர்! ஒரே கூரையை எல்லா வகைக்கும் வார்ப்பது சிக்கனம் என்பதும், அடிநிலைக்கும் உயர்நிலைக்கும் வேறுபாடு காட்டினாலன்றி உயர்ந்த விலை பெற இயலாது என்பதும் வணிக நூல் அறிந்தோர் கூறும் விடைகள். அவ்விடைகள் புரிகின்றன, மனம் ஒப்பவில்லை. குறைந்த விலையில் வாங்குபவன் வீட்டில் முதியோர் இரார் என்று எவர் கணக்கிட்டார்? வண்டியின் முகப்புப் பலகையிலும் இவ்வாறே அழுத்தினால் அசையாத வெற்றுப் பொத்தான்கள் மூன்று இருக்கின்றன. இல்லாத வசதிகளுக்கு வைத்த நடுகற்கள்போல அவை நம்மை நோக்கி நிற்கின்றன. நம் இல்லத்தரசியார் உயரம் குறைந்தவர். இருக்கையை உயர்த்தும் நெம்புகோல் அடிநிலை வகையில் இல்லாமையால் திண்டு ஒன்றை மடித்துப் போட்டு வண்டியோட்டப் பழகினார்.

இடப்புறக் கண்ணாடிகூட இல்லாத மகிழுந்துகள் நெடுங்காலம் நம் நாட்டுச் சாலைகளில் ஓடின என்பதை இளையோர் நம்பமாட்டார்கள். ஆடம்பரம் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது பின்னாளில் இன்றியமையாததாக ஆவதுண்டு. பின்னோக்கி எடுக்கும்போது தடை இருப்பதை ஒலியால் உணர்த்தும் கருவி முன்பு விலையுயர்ந்த வண்டிகளுக்கே உரியதாயிருந்தது. 2019 ஜூலை முதல் நாளிலிருந்து தயாரிக்கப்படும் மகிழுந்துகள் அனைத்திலும் அது இருத்தல் வேண்டுமென விதி வந்தது. சந்தில் விளையாடும் குழந்தைக்கு, பின்னே வரும் வண்டி அடிநிலையா உயர்நிலையா என்னும் வேறுபாடு ஏது?

இச்சிறு வசதிகளின் பிறப்பை ஆராய்ந்தால், யாரோ ஒருவர் மற்றொருவர் படும் பாட்டைக் கண்டதோ தாமே பட்டதோ அடியில் இருக்கும். அமெரிக்க நாட்டு அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் சென்றார். பனிமழையில் டிராம் ஓட்டுநர் முன் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு நடுங்கியதைக் கண்டார். உள்ளிருந்தே கண்ணாடியைத் துடைக்கும் கையினை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றார். அதனால் அவர் பொருள் ஈட்டவில்லை.

அத்துடைப்பானை விட்டுவிட்டு இயங்கச் செய்தவர் ராபர்ட் கேர்ன்ஸ். தம் திருமண இரவில் மதுப்புட்டியின் தக்கை தெறித்து ஒரு கண்ணின் பார்வையை ஏறத்தாழ இழந்தவர் அவர். இமை எப்போதும் அடித்துக்கொண்டேயிராமல் இடைவிட்டு இமைக்கின்றதே, துடைப்பானும் அவ்வாறு இயங்கினால் என்ன என்று எண்ணி, 1960-களில் அதனைச் செய்து காட்டினார். பெருநிறுவனங்களோடு பல ஆண்டுகள் வழக்காடி, 1990-களிலேயே இழப்பீடு பெற்றார். கோவையில் வாழ்வோர்க்கு இப்பொருளின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் நம் மழை பெரும்பாலும் சாரல்தான். துடைப்பான் இடைவிடாது ஓடினால் உலர்ந்த கண்ணாடியில் கிறீச்சிடும்; நிறுத்தினால் வழி மறையும். இமைபோல் இடைவிட்டுத் துடைப்பதே சாரலுக்கு ஏற்றது.

எரிபொருள் அளவு காட்டும் படத்தின் அருகே ஒரு சிறு முக்கோணக் குறி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் வண்டியின் எப்பக்கம் உள்ளது என்பதை அது காட்டுகின்றது. ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் மொய்லன், 1986-இல் மழையில் பம்பின் தவறான பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நனைந்தபின், இக்குறியை வைக்குமாறு மேலாளர்க்கு எழுதினாராம். அச்சிடும் மையைத் தவிர இதற்குச் செலவில்லை.

இரவில் அவிநாசி சாலையில், 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் வருவோர்க்கு வேறொரு துன்பம்: பின்னே வரும் வண்டியின் ஒளிவெள்ளம் உட்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குருடாக்கும். அக்கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நாக்கு உண்டு. அக்கண்ணாடி ஆப்பு வடிவினது. பின்முகத்தில் மட்டும் பூச்சு உள்ளது. நாக்கைத் தட்டினால் பூச்சில் பட்ட ஒளி கூரைக்குத் திரும்பிவிட, பூச்சில்லாத முன்முகம் எதிரொளிக்கும் நூற்றில் நான்கு பங்கு ஒளி மட்டுமே கண்ணுக்கு வரும். மின்சாரமும் வேண்டாம், பொறியும் வேண்டாம். இது நம் வண்டியிலும் உள்ளது. அந்த அளவில் நன்றி.

வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டில் நின்ற வண்டியை மீண்டும் எடுக்கும்போது அது பின்னோக்கி நழுவும். முற்காலத்தில் லாரியின் கிளீனர் கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்திற்கு அண்டை கொடுப்பார். கோனியம்மன் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுவோரின் கைவேகத்தை ராஜ வீதியில் நின்று பார்த்தவர்கள் அந்நுட்பத்தை அறிவர். இன்று நிறுத்துவிசையைச் சில நொடிகள் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்பு வந்துள்ளது. கிளீனரின் கட்டை மின்னணுவாகி உள்ளே அமர்ந்துகொண்டது எனலாம். இதுவும் நெடுநாள் உயர்நிலை வகைக்கே உரியதாயிருந்தது.

இவற்றையெல்லாம் வேற்று நாட்டார் செய்து தர நாம் வாங்கிக்கொள்கின்றோம் என்று நம் மாணவர் எண்ணுதல் கூடாது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு. பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் நிறுவனத்தார் வேகமானியும் எரிபொருள்மானியும் செய்கின்றனர். ரூட்ஸ் நிறுவனத்தார் கோவையில் செய்யும் ஒலிப்பான் நாடெங்கும் ஒலிக்கின்றது. நம் மாணவர் சிலரின் தந்தையரும் தமக்கையரும் இத்தகைய ஆலைகளில் பணிபுரிகின்றனர். துளையைப் போட்டு மூடியடிக்கும் முடிவு ஒரு மேசையில் எடுக்கப்படுகின்றது என்றால், நாளை அம்மேசைக்கு முன் நம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் அமரமாட்டார் என்பது என்ன உறுதி? அன்று, "ஐயா, இந்தக் கைப்பிடி அடிநிலையிலும் இருக்கட்டும்" என்று அவர் ஒரு சொல் சொல்லலாம் அன்றோ?

ஒலிப்பானைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதிப் பகுதியென அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகை செய்துள்ளன. நம் கல்லூரி வாயிலில் இவ்விதி எவ்வாறு போற்றப்படுகின்றது என்பதை முதலாமாண்டு வகுப்பறைகளின் சன்னலோரம் அமர்ந்தோரைக் கேட்டால் தெரியும். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகின்றார். பூஞ்சோலையில் துணையோடு தங்கியுள்ள வண்டுகள் கலங்குமே என்று, தலைவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். தலைவியைக் காணும் விரைவு அவனுக்கு இல்லாமலில்லை. தேரும் நிற்கவில்லை. ஒலியை மட்டுமே நிறுத்தினான்.

சென்ற மாதம் அம்மாவுடன் மீண்டும் பொள்ளாச்சி சென்றோம். கிணத்துக்கடவு கடந்து ஓர் உட்சாலையில் திரும்பியபோது வெள்ளாட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பின்னே ஒரு வண்டி. அதன் ஒலிப்பான் பொறுமையிழந்து முழங்கியது. நம் கையும் திருகுச்சக்கரத்தின் நடுவே சென்றது. கைப்பிடியைப் பற்றியபடி அம்மா முன்னே சாய்ந்து, "அடிக்காதே கண்ணு, குட்டி மிரண்டுரும்" என்றார். மந்தை கடக்கும் வரை நின்றோம்.