அக்காவோட லேப்டாப்பில் நோட் 20

உங்க கிளாஸ்லயும் ஒருத்தர் இருப்பாங்க. எல்லாரும் மெலிசான லேப்டாப்பைத் திறக்கும்போது, அரசாங்க முத்திரை போட்ட தடியான ஒண்ணைப் பையிலிருந்து எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஆள். எங்க டிபார்ட்மென்ட்ல அது நான்தான்.

லேப்டாப் அக்காவோடது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்துல, அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ படிச்ச அவளுக்கு 2013-ல் கிடைச்சது. நான் படிச்சது ஃபீஸ் கட்டுற இங்கிலீஷ் மீடியம். ஒரே வீட்டுல ரெண்டு விதமான ஸ்கூல் ஏன்னு நான் கேட்டதே இல்லை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், அப்பா வேலை பார்க்கிற சிற்பப் பட்டறைக்கு ஒரு வெப்சைட். பட்டறை மாமல்லபுரத்துல, ஐந்து ரதம் போற வழியில. நாங்க செங்கல்பட்டு. டீம்மேட் வீட் 5-ல (ஆமா, உச்சரிப்பு அதுதான்) ஆரம்பிச்சு கோடை அனுப்பிட்டான். அதுக்குக் குறைஞ்சது நோட் 18 வேணும். என் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 7. நோட் 14-லிருந்தே அதுக்கு இடமில்லை. க்ரோம் 109-ஓட நின்னுபோச்சு, விஎஸ் கோட் 1.70-ஓட. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரி 14-ல் கையைக் கழுவியாச்சு. ரிவ்யூவுக்குப் பத்து நாள். புது லேப்டாப்னு அப்பாகிட்ட வாயைத் திறக்க முடியாது.

உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருந்தா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ப்ராசஸர் பேரைத் தேடிப் பாருங்க. இதுல இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அது 32 பிட்ல மட்டும்தான் வந்தது. அதனால மெஷினே 32 பிட்னு மூணு வருஷமா நம்பிட்டிருந்தேன். தேடினா, ப்ராசஸர் 64 பிட்! பழைய டிடிஆர்3 ராம் ஒண்ணு வாங்கிப் போட்டு 2 ஜிபியை 4 ஆக்கினேன். மேல லுபுன்டு.

ஆனா அதுக்கு டிஸ்க்கை முழுசா அழிக்கணும். "உன் ஃபைல் ஏதாவது வேணுமாக்கா?"ன்னு கேட்டேன். "அதுல என்ன இருக்கு, அழிச்சிடு"ன்னா. இருந்தாலும் பயத்துல எல்லாத்தையும் பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டுத்தான் கை வெச்சேன்.

என்விஎம் வழியா நோட் 20 போட்டதும் ப்ராஜெக்ட் ஓடிடுச்சு. ஃபயர்ஃபாக்ஸ்ல ரெண்டு டேப் தாண்டாம இருந்தா மெஷின் மூச்சு விடுது. சந்தோஷத்துல, செகண்ட் இயர்ல காலேஜ் லேப்ல பண்ணின ரியாக்ட் ப்ராஜெக்ட்டையும் ஓட்டிப் பார்த்தேன். டிஜிட்டல் என்வலப்னு ஏதோ சொல்லி விழுந்துச்சு. நோட் 17-லிருந்து ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்துட்டதால, பழைய வெப்பேக் 4 கேக்கிற ஹேஷை அது தர மாட்டேங்குது. நோட் 16-ஐயும் பக்கத்துலயே போட்டு, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அதைக் கட்டி விட்டேன். ரெண்டே வருஷம் ஆன கோடுக்கு இந்தப் பாடு.

அப்புறம்தான் பென்டிரைவ்ல அக்காவோட ஃபோல்டர் கண்ணுல பட்டது. 2013, பி.சி.ஏ. முதல் வருஷம், நோட்பேடில் அடிச்ச ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல். ஃபயர்ஃபாக்ஸ்ல போட்டதும் சட்டுனு திறந்துச்சு. மார்க்கீ கூட ஓடுது! எழுத்து மட்டும் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். யூனிகோடு இல்லை, பாமினி ஃபான்ட். நல்லவேளை, ஃபான்ட் ஃபைலையும் அதே ஃபோல்டர்ல வெச்சிருந்தா. போட்டதும் படிக்க முடிஞ்சது.

"எங்கள் சிற்பப் பட்டறைக்கு வருக." கீழே ஒரு டேபிள். ஒரு அடிப் பிள்ளையார், ரெண்டு அடி நந்தி, உயரம், எடை, விலை. கடைசியில அப்பா பேர், போன் நம்பர்.

என் ப்ராஜெக்ட்டும் இதேதான். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைச்சதுன்னு ஒரு வரி என்னோடதுல கூடுதலா இருக்கு, அவ்வளவுதான். அவ ரெண்டாம் வருஷத்துல காலேஜை விட்டா. அந்த வருஷம்தான் என்னை ஆறாவதுக்குப் பெரிய ஸ்கூல்ல மாத்தினாங்க.

ராத்திரி துணிக்கடை பில்லிங் முடிஞ்சு வந்தவகிட்ட திறந்து காட்டினேன். மார்க்கீயைப் பார்த்துச் சிரிச்சா. டேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தா.

"அப்பா நம்பர் பழசுடா இதுல. உன்னோடதுல சரியா இருக்கா பாரு."

பார்த்தேன். கடைசி எண் தப்பா இருந்தது.