சாரத்தின் மேல் ஒரு கேமரா

வடுவூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடிப் போட்டி என்றால் விடிய விடிய நடக்கும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு திடலுக்கு மாசி மாதச் சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். ஆட்டக்காரர்கள் இன்னும் வரவில்லை. சவுக்குக் கழிகளைக் கட்டிப் பலகை போட்ட ஆறடிச் சாரம் மட்டும் தயாராக நின்றது. அதன் மேல் வீடியோகிராபர் ஸ்டாண்டின் கால்களைச் சணல் கயிற்றால் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கூட்டம் சாரத்து மேல சாயும் சார். ஸ்டாண்டு ஆடுனா அம்புட்டுப் படமும் ஆடும்" என்றார், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு ஒரு கேமரா வேண்டியிருந்தது. வெளியே கபடி, கிரிக்கெட். உள்ளே ஆண்டு விழா, பிள்ளைகளின் நாட்டியம். பணம் குறைவு. ஏற்கெனவே பெட்டியில் போட்டிருந்த பெரிய ஜூம் எண்ணை நம்பி ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தோம்; அது டிஜிட்டல் ஜூம். படத்தை வெட்டிப் பெரிதாக்குமே தவிர, தூரத்து ஆளை நிஜமாகக் கிட்டே கொண்டுவராது. அதனால்தான் இதையே பிழைப்பாகக் கொண்டவரோடு ஓர் இரவும் ஒரு பகலும் இருந்து பார்க்க முடிவு செய்தேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பதினாறு வயதில் கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். முதலாளி தோளில் சுமந்தது முழு விஎச்எஸ் கேசட் போகும் பானாசோனிக் எம் 3000. பிறகு 60 நிமிடச் சின்னக் கேசட் வந்தது. 20 நிமிடம், இடைவேளை, மறுபடி 20 நிமிடம் என்று ஆடும் கபடிக்கு அது அளவெடுத்தாற்போல இருந்ததாம்: ஆட்டத்துக்கு ஒரு கேசட். இப்போது சாரத்தில் இருப்பது சோனி எச்எக்ஸ்ஆர்-எம்சி2500. தொழிலில் '2500' என்றாலே போதும். 2014-இல் வந்த மாடல். அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

விளையாட்டு என்றதும் எல்லோரும் ஜூமைத்தான் கேட்கிறோம். கபடித் திடலில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு நேரே நின்று இரண்டு பக்கமும் ஒரே சட்டத்தில் விழ வேண்டுமென்றால், 26.8 மில்லிமீட்டரில் தொடங்கும் 2500-இன் லென்ஸுக்குக்கூட ஏறத்தாழ 10 மீட்டர் பின்னால் போக வேண்டும். அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? ஜனம் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பின்னால் தள்ளி, தலைகளுக்கு மேலே சாரம். கபடிக்கு வேண்டியது அகலம்.

கிரிக்கெட் வேறு. எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து 80 மீட்டர் தள்ளி நிற்கும் மட்டையாளரை நாலு மீட்டர் அகலச் சட்டத்துக்குள் நிறைக்க 700 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். சோனியின் சின்ன ஹேண்டிகேம் சிஎக்ஸ்405, 30 மடங்கு ஆப்டிகல் ஜூமில் 800-ஐத் தாண்டும். 2500-இன் 12 மடங்கு ஜூம் 320-ஓடு நின்றுவிடும். விலை குறைந்த கேமராவுக்கு அத்தனை நீளம் எப்படி வாய்த்தது என்றால், சென்சார் மிகச் சிறியது என்பதால்தான். அதற்கான விலையைப் பொழுது சாய்ந்ததும் கொடுக்க வேண்டும். ஜூமை முழுக்க இழுத்தால் அந்த லென்ஸ் எஃப் 1.8-லிருந்து எஃப் 4-க்குச் சுருங்கி, உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடும். படத்தில் கிரெயின்ஸ் அடிக்கும்.

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு தகராறு. மூன்று பேர் அமுக்கிக் கிடந்த ரைடரின் கை நடுக்கோட்டைத் தொட்டதா இல்லையா? இரண்டு ஊரும் எழுந்து நின்றது. நடுவரே சாரத்தில் ஏறினார். வீடியோகிராபர் சின்னத் திரையில் ஓட்டி நிறுத்தினார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் நுனி, தெளிவாக. நடுவர் இறங்கிப்போய்த் தீர்ப்பை மாற்றினார்.

அந்த இரண்டு விரல் தெரிந்ததற்குக் காரணம் ஷட்டர். நொடியில் 50-இல் ஒன்று என்று வைத்திருந்தால் கை வெறும் இழுப்பாகத்தான் விழுந்திருக்கும். 250-இல் ஒன்று வைத்தால் கை கூர்மையாகும். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி போகஸ் லைட்டில் படம் மினுக்கும். அதனால் அவர் வைத்திருந்தது, அந்த மின்சாரத்தோடு ஒத்துப்போகும் 100-இல் ஒன்று. இதையெல்லாம் கையால் மாற்ற விடாத கேமராவை இரவு விளையாட்டுக்கு வாங்கக் கூடாது என்று அங்கே புரிந்துகொண்டேன்.

மறுநாள் மன்னார்குடியில் ஒரு மண்டபம், பரதநாட்டிய அரங்கேற்றம். இங்கே வீடியோகிராபரின் கூட்டாளியுடைய சோனி என்எக்ஸ்100 வந்தது. இதன் சென்சார் ஒரு அங்குல வகை. பரப்பில் 2500-இன் சென்சாரைப்போல் பத்து மடங்குக்கும் மேல். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்த நேரத்திலும் ஆடிய பெண்ணின் கண் அசைவு கலங்காமல் நின்றது. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பூட்டியிருந்தார். விட்டால் விளக்கு மாறும்போதெல்லாம் பட்டுப்புடவை நிறம் மாறும். மிக்சரிலிருந்து வந்த ஒயரை நேரே கேமராவில் சொருகினார். சிஎக்ஸ்405-இல் வெளி மைக் சொருக வழியே இல்லை. மேடை நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை. மங்கிய படத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஜதி கேட்காத நாட்டியத்தை யார் பார்ப்பது?

ஸ்டில் கேமராவிலேயே எடுக்கலாமே என்று மன்றத்துப் பையன்கள் சொல்லியிருந்தார்கள். அவற்றில் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் பதிவு செய்தால் வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி விழுந்த காலத்து வரம்பு அது. நாட்டியத்தில் வர்ணம் என்ற உருப்படி ஒன்றே அரை மணியைத் தாண்டக்கூடும். கேம்கார்டர் அப்படி நிற்காது. பின்னால் '970' பேட்டரியை மாட்டி, அவர் மணிக்கணக்கில் அசையாமல் நின்றார். மங்களம் முடிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

எங்கள் மன்றத்துக்கு செகண்ட் ஹேண்ட் என்எக்ஸ்100-ஐயே முடிவு செய்தோம். கபடிக்கும் மண்டபத்துக்கும் அது பொருந்தும். கிரிக்கெட்டில் தூரம் குறையும், அதை ஏற்றுக்கொண்டோம். மிச்சப் பணத்தில் கனமான ஸ்டாண்டு ஒன்று. பகல் ஆட்டம் மட்டும் எடுப்பவர்களுக்குச் சின்ன ஹேண்டிகேமே போதும்.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் இருட்டான மூலையைப் பார்த்து, ஜூமை முழுக்க இழுத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.