பெண் கொடுத்துப் பெண் எடுப்பது!

பி.காம். படித்து நான் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று: பில் போட்டால் கார்பன் காப்பி இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான் என்றால் யார் கேட்கிறார்கள்?

விழுப்புரத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சான், ''ஃபைலெல்லாம் பென் டிரைவ்ல இருக்கு மாப்ளே'' என்பார். சரி, விண்டோஸ்? அது படுத்துவிட்டால் பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் எழுத்துரு என்று ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றுவதற்குள் இரண்டு நாள் வியாபாரம் அம்போ!

வழி சுலபம். முதலில், 'ரெக்கவரி டிரைவ்' என்று ஸ்டார்ட்டில் தேடுங்கள். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் செருகினால் அதுவே தயார் செய்துவிடும். (அதில் பழைய கல்யாண ஃபோட்டோ இருந்தால் போச்சு, அழித்துவிடும்!) எழுந்திருக்காத கம்ப்யூட்டரை எழுப்ப இது போதும். ஆனால் உங்கள் புரோகிராம்கள் இதில் வராது.

அதற்குத்தான் 'சிஸ்டம் இமேஜ்'. கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று இருக்கும். பெயரில்தான் 7, விண்டோஸ் 10, 11-லும் உண்டு. வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க்கில் சி டிரைவ் முழுவதையும் அப்படியே படம் பிடித்துவிடும். வேறு மாடல் கம்ப்யூட்டரில் ஏற்றினால் சில சமயம் முரண்டு பண்ணும். ஆகவே ஃபைல்களைத் தனியாகவும் காப்பி எடுங்கள். 'ரீஸ்டோர் பாயின்ட் இருக்கே' என்று இருந்துவிடாதீர்கள். அது அதே டிஸ்க்கில் இருப்பது. பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற கதை.

மச்சான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். செய்து, டிஸ்க்கை கம்ப்யூட்டர் மேஜை டிராயரிலேயே வைத்தார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! கடைக்குள் தண்ணீர். அசலும் நகலும் ஜோடியாக ஜலசமாதி.

''ஆறு வருஷக் கணக்கு மாப்ளே...'' என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

இப்போது ஓர் ஏற்பாடு. அவருடைய டிஸ்க் திண்டிவனத்தில் என் வீட்டு மாடியில். என்னுடையது விழுப்புரத்தில் அவர் வீட்டுப் பரணில். மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் புதுக் காப்பி மாற்றிக்கொள்கிறோம். மழை இரண்டு ஊருக்கும் பெய்யும்தான். இரண்டு வீட்டு மாடியும் சேர்ந்தா முழுகும்?

உங்களுக்கும் வெளியூரில் ஒரு மச்சான் இருப்பாரே சார்!